பூட்டானில் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

பூட்டான் டூர் என்றதும் நம்ம ஊர் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "விசா வேணுமா?" இந்தியர்களுக்கு வேண்டாம். அனுமதிச் சீட்டு (பெர்மிட்) போதும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லாவிட்டால் வாக்காளர் அடையாள அட்டை, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆதாரை நீட்டிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி... ஆதார் அங்கே செல்லாது! பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போக வேண்டும்.

பேப்பர் வேலை அவ்வளவுதான். அடுத்து வருவதுதான் முக்கியமான கேள்வி. ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

ஹோட்டல் வாடகையைச் சொல்லவில்லை. அந்த நாட்டில் தங்குவதற்கே ஒரு கட்டணம் உண்டு. நிலையான வளர்ச்சிக் கட்டணம் என்று பெயர், சுருக்கமாக எஸ்.டி.எஃப். இந்தியர்களுக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, 6 வயதுக்குக் கீழே இலவசம். அப்பா, அம்மா, 10 வயது மகள், 4 வயது மகன் என்று ஒரு குடும்பம் ஐந்து ராத்திரி தங்கினால்? 1200 + 1200 + 600 = 3000. ஐந்தால் பெருக்கினால் 15,000 ரூபாய். சாப்பாடு, ரூம், வண்டி எல்லாம் தனிக்கணக்கு!

மற்ற நாட்டுக்காரர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு விசா கட்டாயம், அதற்கு 40 டாலர். அதற்கு மேல் ராத்திரிக்கு 100 டாலர்.

இது திடீரென்று வந்த பழக்கம் இல்லை. பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்ததே 1974-இல்தான். அந்த வருஷம் வந்தவர்கள் வெறும் 287 பேர். "குறைந்த கூட்டம், அதிக மதிப்பு" என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கை. மொத்த மக்கள்தொகையே எட்டு லட்சத்தைத் தொடாத நாடு. காட்டுப் பரப்பு 60 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாரையும் உள்ளே விட்டால் ஊர் தாங்காது என்ற பயம் நியாயமானதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கூட்டத்தைக் குறைக்க இரண்டு வழி. வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று கோட்டா போடலாம், இல்லையென்றால் விலையை ஏற்றலாம். பூட்டான் இரண்டாவதை எடுத்தது. கோட்டா போட்டால் கஜானாவுக்கு எதுவும் வராது. விலை வைத்தால் கூட்டமும் குறையும், காசும் வரும். அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி நீர்மின்சாரம். அதை வாங்குவது இந்தியா, அதற்குக் கிடைப்பது ரூபாய். டாலர் வேண்டுமென்றால் டூரிஸ்ட் வர வேண்டும்! உள்ளூர் மக்களுக்கு இலவச மருத்துவம் கொடுக்கிற அரசாங்கத்துக்கு இந்த வருமானம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதில்தான் சிக்கல். கொரோனாவுக்கு முன்னால் சீசன் நேரத்தில் வெளிநாட்டுப் பயணி ஒரு நாளைக்குக் குறைந்தது 250 டாலர் கட்ட வேண்டும். ரூம், சாப்பாடு, கைடு, வண்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அரசாங்கத்துக்குப் போனது அதில் 65 டாலர் மட்டும். இந்தியா, வங்கதேசம், மாலத்தீவுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. 2019-இல் வந்த சுமார் 3.15 லட்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கத்து நாட்டுக்காரர்கள்தான்.

கொரோனாவால் மூடிய கதவு 2022 செப்டம்பர் 23-இல் திறந்தது. 65 டாலர் 200 ஆனது, அதுவும் ரூம், சாப்பாடு எதுவும் சேராமல். இந்தியர்களுக்கு 1200 ரூபாய் வந்ததும் அப்போதுதான். விளைவு? 2023-இல் வந்தவர்கள் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினார்கள், அவ்வளவுதான். விலையேற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, கொரோனாவின் அடியும் மிச்சமிருந்தது. ஆனாலும் அரசாங்கம் 2023 செப்டம்பரில் 200-ஐ 100 ஆகக் குறைத்தது. 2027 ஆகஸ்ட் கடைசி வரை இதுதான் கட்டணம். தேவை நெகிழ்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படிப்பதை ஒரு நாடே பரீட்சை எழுதிப் பார்த்த மாதிரி!

இதில் அடிவாங்கியது யார்? அரசாங்கம் இல்லை. இந்திய டூரிஸ்டை நம்பி கடன் வாங்கி சின்ன ஹோட்டல் கட்டியவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கைவினைப் பொருள் விற்கிறவர். காட்டைக் காப்பாற்றுகிற கொள்கையின் பில் இவர்கள் மேஜைக்கும் வருகிறது. இன்னொரு பக்கம், பையை மாட்டிக்கொண்டு நடந்தே சுற்றுகிற மாணவன் ஊருக்குச் செய்யும் கெடுதல் ரொம்பக் குறைவு. அவனைத்தான் இந்தக் கட்டணம் முதலில் வெளியே நிறுத்துகிறது. சொகுசு விடுதியில் தங்குகிறவருக்கு 100 டாலர் ஒரு பொருட்டே இல்லை. காசு இருப்பவர்தான் நல்ல பயணி என்று விலை முடிவு செய்துவிடுகிறது.

அதற்காக இலவசமாகத் திறந்துவிட வேண்டுமா? அப்படிச் சொல்கிறவர்கள் சீசன் நேரத்து ஊட்டி, கொடைக்கானலை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். 2024 மே மாதத்திலிருந்து அங்கேயும் இ-பாஸ் வந்துவிட்டது. மலை ஒன்றுதான், பிரச்சினையும் ஒன்றுதான். 1200 ரூபாயைத் திட்டுவதற்கு முன், அது இல்லாவிட்டால் அந்த மலை எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கிளம்புகிறவர்கள் பட்ஜெட்டில் அந்த 1200-ஐ முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிவிடுங்கள்!