இடது பக்கம் மூன்றாவது இருக்கை

மார்கழி மாதத்து லண்டனில் காலை ஆறே முக்கால் என்பது இன்னும் இரவுதான். மினிபஸ்ஸின் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணுவேன்: சக்கர நாற்காலிக்கான நான்கு வார்கள், பெல்ட் மூடியின் சின்னத் திறப்பு, அவசரத்துக்குப் பெல்ட்டை அறுக்கும் கத்தி, படஅட்டைகள். கண்ணால் பார்த்தது போதாது என்று ஒருநாள் பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம் இது.

சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் வண்டியில் பன்னிரண்டு வருடமாகத் துணையாளாக இருக்கிறேன். சாரதி ரோட்டைப் பார்ப்பார். நான் பிள்ளைகளைப் பார்ப்பேன். வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவில் எதுவும் மாறக் கூடாது. அதே நேரம், அதே இருக்கை, அதே சொல். இதைக் காப்பாற்றுவதுதான் என் வேலை.

வாசலில் தாய்மார் சொல்லும் ஒரு வரிக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "அக்கா, ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை." "காலமை பால் மட்டும்தான் குடிச்சவள்." அந்த வரியை அப்படியே கொண்டுபோய் ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். பேச்சில்லாத பிள்ளைக்கு அன்றைய நாளின் திறப்பு அதற்குள்தான் இருக்கிறது. நித்திரை இல்லாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று ஒரு வகுப்பறை முழு நாளும் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தத் தவறு வண்டியில் தொடங்கியது.

ஓட்டிசம் உள்ள ஏழு வயதுப் பொடியன் ஒருவன் இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் வருவான். பாதை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். தபால் பெட்டி, பெற்றோல் நிலையம், தேவாலயம், பிறகு சுற்றுவட்டத்தில் இடது. ஒரு நாள் எரிவாயுக் குழாய் வேலைக்காக ரோட்டை மூடிவிட்டார்கள். சாரதி வலது பக்கம் திருப்பினார். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தன் கையைத் தானே கடித்தான். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை மேலங்கியைக் கழற்றவே இல்லையாம்.

பாதை மாறும் என்ற தகவல் முதல்நாள் பின்னேரமே என் தொலைபேசிக்கு வந்திருந்தது. அது சாரதிக்கான செய்தி என்று நினைத்து விட்டுவிட்டேன். உண்மையில் அது அந்தப் பிள்ளைக்கு வந்த செய்தி.

அன்று மாலையே அந்த மாற்றுப் பாதையில் நடந்துபோய், தெரியும் அடையாளங்களை எல்லாம் படம் பிடித்தேன். அச்செடுத்து அட்டைகளில் ஒட்டினேன். வலது பக்கம் திரும்பும் இடத்துக்கு மட்டும் மஞ்சள் அட்டை. மறுநாள் காலை, வண்டியில் ஏறுமுன் அவன் வீட்டு வாசலிலேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுற்றுவட்டம் வந்தபோது மஞ்சள் அட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். வண்டி திரும்பியது. அழவில்லை. இப்போது எங்கே ரோட்டு வேலை என்றாலும் முதலில் என் வீட்டு அச்சுப்பொறிதான் ஓடும்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வேறு கவனம். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என நாற்காலியைத் தரையோடு நான்கு வார்கள் பிடிக்கும். ஆனால் அவை பிடிப்பது நாற்காலியைத்தான். பிள்ளைக்கு மடியையும் தோளையும் சேர்த்துக் கட்டும் தனிப் பெல்ட் வேண்டும். நாற்காலியிலேயே இருக்கும் பெல்ட் பிள்ளையை நிமிர்த்தி வைக்க மட்டும்தான்; மோதலில் காப்பாற்றாது. புதிதாக வருபவர்கள் அதிகம் பிழைவிடுவது இதில்தான். வலிப்பு வரும் பிள்ளை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூடு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரியாவிட்டால், கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் விடும் மருந்தை எப்போது கொடுப்பது என்றும் தெரியாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டப்படி எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்கு மேல் என்றாலும், அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைக்கு மூன்று மைலுக்கு மேல் என்றாலும் கவுன்சில் இலவசமாகப் போக்குவரத்துக் கொடுக்க வேண்டும். சிறப்புத் தேவையாலோ இயலாமையாலோ நடந்துபோக முடியாத பிள்ளைக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது. ஆனால் கணக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். "ஒரு மைலும் இல்லை எண்டு எழுதி அனுப்பிட்டாங்கள் அக்கா" என்று கடிதத்தோடு நின்றாள் ஒரு தாய். மேன்முறையீட்டுக்கு எழுதும்போது, உன் கஷ்டத்தை எழுதாதே, ரோட்டை எழுது என்றேன். இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் குறித்தாள்: எந்த இடத்தில் மகன் ரோட்டில் படுத்தான், எந்த வாகனத்துக்கு முன்னால் ஓடினான், எத்தனை நிமிடம் பிந்தியது. மாசி மாதம் அவனுக்கு எங்கள் வண்டியில் இடம் கிடைத்தது.

என் மனதை அதிகம் வருத்துவது புரட்டாதி மாதம். அப்போது வண்டி ஒப்பந்தம் கைமாறினால் சாரதியும் துணையாளும் ஒரே நாளில் மாறிவிடுவார்கள். பாதைக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறவர்களின் தாளில் பழகிய முகத்துக்குக் கட்டம் இல்லை. ஒரு பிள்ளை புது ஆளின் கையைப் பிடிக்க மூன்று மாதம் எடுக்கும். அந்த மூன்று மாதமும் காசுதான், வேறு யாரோ கட்டுகிற காசு. ஒரு துணையாளை ஒரு பாதையில் இரண்டு வருடமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வருடமாக, பிள்ளைகளைத் தனியாகப் போய்வரப் பழக்கும் பயணப் பயிற்சியும் கொடுக்கிறேன். இப்போது பதினைந்து வயதுப் பொடியன் ஒருவனோடு கிங்ஸ்பெரியில் 183ஆம் இலக்க பஸ் ஏறுகிறேன். தொடக்கத்தில் பக்கத்தில் இருந்தேன். பிறகு பின் இருக்கை. போன மாதம் இன்னும் பின்னுக்குப் போனேன். அடுத்த தரிப்பு எது என்று பஸ்ஸின் குரல் சொல்லும். அது சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து பிறகுதான் மணியை அழுத்துவான். போன வெள்ளிக்கிழமை குரல் வேலை செய்யவில்லை. என் கை தானாக முன்னுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். பார்மசிக்காரரின் பச்சைச் சிலுவையைக் கண்டதும் எழுந்து மணியை அழுத்தினான்.

திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறமாட்டேன். தரிப்பிடத்தில் நிற்பேன்.