ஓடும் அறிவும் நிற்கும் அறிவும்

நான் ஓய்வு பெற்றபின் போன ஒரு கருத்தரங்கில், முனைவர் பட்டம் முடித்த இளைஞர் ஒருவர் பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் சொல்லும் சொல்வேர்களை வெறும் வேடிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவையும் தலையாட்டியது. கிரேக்கச் சொற்பிறப்பியலே வாழ்க்கை என்று இருந்தவனுக்கு அது பொறுக்கவில்லை.

அந்த உரையாடலின் 411டி பக்கத்தில் ஃப்ரோனேசிஸ் (விவேகம்), அசைவையும் ஓட்டத்தையும் உணர்தல். 412பி-யில் சோஃபியா (ஞானம்), அசைவைத் தொடுதல். அதற்கு, விரைவு என்று பொருள்படும் ‘சூஸ்’ என்ற ஸ்பார்ட்டாக்காரர் பெயரைச் சான்றாகக் கொண்டுவருகிறார் சாக்ரட்டீஸ். எல்லாம் ஓடுகிறது என்ற ஹெராக்லிட்டஸ் கொள்கைக்குச் சொற்களே சாட்சி.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது எபிஸ்தேமே, அறிவு என்ற சொல். 412ஏ-யில் அது பின்தொடர்தல், அதாவது ஹெபொமாய் என்ற வினை: ஓடும் பொருள்களோடு முந்தாமல், பின்தங்காமல் ஆன்மா கூடவே போகிறது. 437ஏ-யில் அதே சாக்ரட்டீஸ் அதே சொல்லை ஹிஸ்தேமி (நிறுத்துதல்) என்ற வினையோடு சேர்க்கிறார்: பொருள்களிடம் ஆன்மாவை நிறுத்துவது. இந்த இரண்டு இடங்களிலும் எப்சிலான் என்ற ஓர் எழுத்தைச் சேர்ப்பதா, நீக்குவதா என்று பதிப்பாசிரியர்களிடையே இன்னும் வழக்கு. அற்ப விஷயம் இல்லை. சொல் எந்த வினையின் பக்கம் சாய்கிறது என்பது அந்த எழுத்தைப் பொறுத்தது. அறிவது ஓடுவதா, நிற்பதா என்ற கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. பல இரவுகள் இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அரிஸ்டாட்டில் நிற்பதன் பக்கம். ‘இயற்பியல்’ ஏழாம் நூலில், சிந்தனை அமைதியுற்று நிற்பதால்தான் அறிகிறோம் என்கிறோம் என்று எழுதுகிறார். ஆறாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் ஃபிலோபொனஸ் சோஃபியாவை ‘ஸஃபேஸ்’, தெளிவு என்பதோடு இணைத்தார். 12-ஆம் நூற்றாண்டின் ‘எட்டிமாலஜிகம் மேக்னம்’ என்ற சொற்பிறப்பு அகராதி ஒரே சொல்லுக்கு ஒரு வேரைச் சொல்லி, ‘அல்லது’ என்று அடுத்ததையும் தரும். அந்த ‘அல்லது’வை வாசிக்கப் பழகுவதே எங்கள் தொழில்.

இன்று கணினியில் சொல்லைத் தட்டுகிறார்கள். வந்து விழும் ஒரு வரியோடு வேலை முடிந்தது. ‘சோஃபோஸ்’ (ஞானி) என்ற சொல்லின் வேர் தெரியவில்லை என்று நவீன அகராதி சொன்னதும் பழையவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அகராதி சொல்வது சரிதான். ஆனால் பழையவர்கள் தேடியது ஒலியின் வரலாற்றை மட்டுமல்ல, அறிவு என்றால் என்ன என்பதையும். 437-ஐ வாசிக்காதவர் 412-ஐப் பற்றிப் பேசக் கூடாது. ஆய்வேட்டில் கையெழுத்திடும் பேராசிரியர்கள் அதை வாசித்தாரா என்றாவது கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.