கெட்டுப்போன துறைமுகமும் நாங்கள் ஐந்து பேரும்

"சனிக்கிழமை மதியம் காலி வகுப்பறையில உட்கார்ந்து அப்படி என்னதான்டா பண்றீங்க?" என்று வகுப்பில் நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாக விளக்கிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் ஆடுவது டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். கம்ப்யூட்டர் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார் (இங்கே அது அடியேன்). மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரம். "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், குதித்தானா விழுந்தானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1974-ல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். புதிதாக ஆடுகிறவர்கள் வழக்கமாக ஒரு குகைக்குள் போவார்கள், அரக்கனை அடிப்பார்கள், புதையலோடு திரும்புவார்கள். நாங்கள் குகைக்குப் போகவில்லை. லாங்க்மார் போனோம்.

லாங்க்மார் ஒரு கற்பனைத் துறைமுகம். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் லைபரின் கதைகளில் வருவது. 1934-ல் அவருடைய நண்பர் ஹாரி ஓட்டோ ஃபிஷர் எழுதிய கடிதத்தில்தான் ஃபாஃபர்ட், க்ரே மௌஸர் என்ற இரண்டு திருட்டு சாகசக்காரர்கள் பிறந்தார்கள். ஒருவன் வடக்கிலிருந்து வந்த நெடிய வாள்வீரன், இன்னொருவன் குள்ளமான கில்லாடி. முதல் கதை 1939-ல் அச்சானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கும் முன்பே, 1937 வாக்கில், நண்பர்கள் இருவரும் இந்த உலகத்தை வைத்து ஒரு பலகை ஆட்டம் செய்துவிட்டார்கள் என்பதுதான். ஆக, கதை அச்சேறும் முன்பே அந்த ஊரில் ஆட்டம் ஆடியாகிவிட்டது! அந்தப் பலகை ஆட்டத்தின் ஒரு வடிவத்தை 1976-ல் டிஎஸ்ஆர் கம்பெனி வெளியிட்டது. அதே கம்பெனி 1985-ல் லாங்க்மாரை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான ஊராகவே புத்தகம் போட்டது. அதோடு வந்த வரைபடத்தில் பெரிய தெருக்களுக்கு நடுவே வெற்றிடங்கள் விட்டிருப்பார்கள். அங்கே எந்தச் சந்து, எந்த முட்டு என்பதை நடத்துகிறவர் வைத்துக்கொள்ளலாம். என்ன ஒரு ஐடியா!

சரி, ஊர் எப்படிப்பட்டது? ஆறு கடலில் சேரும் இடம். தானியம் ஏற்றும் கப்பல்கள்தான் உயிர். ராத்திரி ஆனால் புகையும் பனியும் கலந்து தெருவே தெரியாது. 1,40,000 புகைகளின் நகரம் என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். பிரபுக்கள் கறுப்பு அங்கி போட்டிருப்பார்கள். திருடர்களுக்குச் சங்கம் உண்டு, பிச்சைக்காரர்களுக்கும் சங்கம் உண்டு. சங்கத்தில் சேராமல் திருடினால் தண்டிப்பது அரசன் அல்ல, சங்கம்தான்.

எல்லாவற்றையும் விட அழகு கடவுளர் தெரு. புதிதாக ஊருக்கு வரும் கடவுள் தெருவின் கோடியில், சதுப்பு வாசல் பக்கம், கடை போட வேண்டும். பக்தர்கள் கூடக்கூட, காணிக்கை சேரச்சேர, கடவுள் தெருவில் மேலே மேலே நகர்வார். கூட்டம் குறைந்தால் திரும்பவும் கீழே. 1959-ல் வந்த ஒரு கதையில் ஃபாஃபர்ட் ஒரு ஏழைக் கடவுளுக்குச் சீடனாகிறான். அவன் கூட்டாளி மௌஸரோ அந்தத் தெருவில் கோயில்களிடம் மாமூல் வசூலிக்கும் தாதாவிடம் வேலைக்குச் சேர்கிறான். நண்பனின் கடவுள் பிரபலமாக ஆக, மாமூலும் ஏறுகிறது. படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டெர்ரி ப்ராட்செட் படித்தவர்களுக்கு இந்த வாடை தெரிந்திருக்கும். 1983-ல் வந்த அவருடைய முதல் டிஸ்க்வேர்ல்ட் நாவலின் ஆரம்பத்தில் வரும் ப்ராவ்ட், வீசல் ஜோடி இந்த இருவரைக் கிண்டல் செய்ததுதான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சீரழிந்த ஊர் என்றால் என்ன? ஆரம்பத்தில் எங்கள் கும்பல் நினைத்தது மது, சூது, இருட்டுச் சந்து, முதுகில் கத்தி. அதெல்லாம் வெறும் அலங்காரம். இரண்டு வாரத்தில் சலித்துவிடும், எங்களுக்கும் சலித்தது. லாங்க்மார் கெட்டுப்போன ஊராக இருப்பது அங்கே எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. காவல்காரனுக்கு விலை, சாட்சிக்கு விலை, சாமிக்கே விலை.

இதைப் புரிந்துகொண்டதும் நடத்தும் முறையை மாற்றினேன். அரக்கர் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கடன் நோட்டு வைத்துக்கொண்டேன். யார் யாருக்கு என்ன பாக்கி, அவ்வளவுதான். குகையில் ஒருவனை அடித்துவிட்டு வந்தால் கேட்க ஆள் இல்லை. ஊரில் அடித்தால் அவன் மச்சான் நாளைக்கு உங்கள் சத்திரத்து வாசலில் நிற்பான். எங்கள் ஆட்கள் ஒருமுறை தப்பிக்கிற அவசரத்தில் ஒரு தானியக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஊரில் ரொட்டி விலை இரட்டிப்பு. அவர்களுக்குப் பிடித்த சத்திரக்காரக் கிழவி, "நாளையிலிருந்து சாப்பாடு கிடையாதுப்பா, தங்க மட்டும்தான் இடம்" என்றாள். மேஜையே அமைதியாகிவிட்டது.

எங்கள் குழுவில் ஒரே பெண் அவள். லைபரின் கதைகள் இரண்டைப் படித்துவிட்டுச் சண்டைக்கே வந்தாள். 1970-ல் வந்த பெரிய கதையில், நாயகர்கள் இருவரின் காதலிகளும் செத்துப்போவார்கள். அந்தக் கதைக்கு ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் கிடைத்தது. "அந்தப் பொண்ணுங்க சாகறதே இவனுங்க கோபப்படறதுக்காகத்தானா? அது இருக்கட்டும், அந்தக் கறுப்பு அங்கியெல்லாம் யார் துவைக்கிறா?" என்று கேட்டாள். புத்தகத்தில் நான் பார்த்தவரை பதில் இல்லை. சரி, நீயே பதில் சொல் என்றோம். அவள் பாத்திரம் ஒரு சலவைக்காரி. எந்தப் பிரபுவின் அங்கியில் ரத்தக்கறை, எதில் மை, எதில் அடுத்த வீட்டு அத்தர் வாசனை, எல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது எங்கள் லாங்க்மாரில் திருடர் சங்கத் தலைவனே அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவான்.

போன மாதம் நடந்ததுதான் இதை எழுத உட்கார வைத்தது. சங்கத்தில் சேராமல் ரொட்டி திருடிய ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் இவர்களிடம் அடைக்கலம் வந்தான். சங்கத்திலிருந்து ஆள் வந்து பேரம் பேசினான். பையனை ஒப்படைத்தால் இவர்களுடைய 300 பொன் கடன் தள்ளுபடி, கூடவே சங்கத்தில் இடம். மூன்று பேர் கொடுத்துவிடலாம் என்றார்கள், சலவைக்காரி உட்பட. "டேய், அவன் நிஜமான ஆளே இல்லடா. இவன் இப்ப உருவாக்கின பையன்" என்று என்னைக் கைகாட்டினார்கள். உண்மைதான். பையனுக்குப் பெயர்கூட நான் வைத்திருக்கவில்லை.

நாலாமவன் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களில் அதிகம் பேசாதவன் அவன். முக்கால் மணி நேரம் வாக்குவாதம். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அவன் சொன்னான்: "பொன் எவ்வளவு இருக்குன்னு எழுத இந்தத் தாள்ல கட்டம் இருக்கு. அந்தப் பையனை நான் எங்க எழுதறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவன் பையனைத் தானியப் படகில் ஏற்றிவிட்டு, பின்னால் வந்தவர்களைத் தடுக்க நின்றான். பகடை உருட்டினான். நாலு. அவன் பாத்திரத்தைச் சதுப்பு வாசல் வழியாக ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். ஏழு மாதம் ஆடி வளர்த்த பாத்திரம்.

நல்ல ராஜா ஆளும் நல்ல நாட்டில் ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் அது கடமை. பாராட்டு கிடைக்கும், பரிசும் கிடைக்கும். லாங்க்மாரில் அது செலவு. கையிலிருந்து போகும், திரும்பி வராது, யாரும் கைதட்ட மாட்டார்கள். அதனால்தான் அங்கே செய்யும் ஒரு நல்ல காரியத்துக்கு எடை இருக்கிறது. இறுதியாண்டில், எந்த நிறுவனம் எத்தனை லட்சம் தருகிறது என்பதை மட்டுமே மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்த எடை கொஞ்சம் தேவையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். பேரத்துக்குச் சம்மதித்த மூன்று பேரும் மோசமானவர்கள் இல்லை. அவர்கள் கணக்கும் சரிதான். சலவைக்காரி இன்னும் அந்தக் கணக்கிலேயே நிற்கிறாள். "300 பொன் இருந்தா அந்த மாதிரி பத்துப் பையனுக்குச் சோறு போட்டிருக்கலாம்" என்கிறாள். விவாதம் கேண்டீனில் இன்னும் ஓடுகிறது.

யாராவது இப்படி ஒரு ஊரை நடத்த ஆசைப்பட்டால் பெரிய வரைபடமெல்லாம் வேண்டாம். ஊருக்குள் என்ன கப்பலில் வருகிறது, அது வராவிட்டால் யார் பட்டினி, யார் யாருக்குக் கடன், அங்கியை யார் துவைக்கிறார்கள். இந்த நாலுக்கும் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பகடை இல்லையென்றால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். இலவசம்தான் :-)