கட்டுச்சோறு கட்டிய கைக்கு எதற்குப் பவுடர்?



என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது ஆசிரியை. அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறார்கள். "சரித்திரப் படம் டீச்சர். எந்தக் காலம், என்ன உடை, என்ன மேக்கப்னு நீங்கதான் சொல்லணும்" என்று கூட்டிப் போனாள்.

பிள்ளைகள் கேட்டது சோழர் காலம். கிரீடம், வாள், வெல்வெட் அங்கி! ஆசை நியாயம்தான். ஆனால் வாடகைக் கடையில் கிடைப்பது நாடக உடை. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் ராஜராஜன் என்று சொல்லப்படும் உருவமே மேலங்கி இல்லாமல், முடியைக் கொண்டையிட்டுத்தான் நிற்கிறது. "நம்மிடம் உள்ள பொருளை வைத்து உண்மையாகக் காட்டக்கூடிய காலம் எது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. வேதாரண்யம் கதையைச் சொன்னேன்.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடக்கிறார்கள். 150 மைல். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரிக்கிறார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள்! பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது. நூறு பேர் ஊர்வலம் காட்ட வேண்டாம். ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மரம் போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பிறகு உடை. பாலியஸ்டர் அப்போது பிறக்கவே இல்லை, எல்லாம் பருத்திதான். புது வேட்டி பளபளத்தது. பல நாள் நடந்தவன் வேட்டி அப்படியா இருக்கும்? டீத்தண்ணீரில் முக்கி, கசக்கிக் காயவைத்தோம். ஸ்டிக்கர் பொட்டு போய்க் குங்குமம் வந்தது. பிளாஸ்டிக் குடம் போய் மண்பானை வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னேன். கொடியில் அசோகச் சக்கரம் வரைந்திருந்தான் ஒரு பையன். அது வந்தது 1947-இல். 1930-இல் காங்கிரஸ் கொடியில் இருந்தது ராட்டை. நிறமும் வெள்ளை, பச்சை, சிவப்பு. பாவம், மறுபடியும் உட்கார்ந்து வரைந்தான்.

கடைசியில் மேக்கப். அம்மா வேடத்துக்கு நன்றாக நடிக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேக்கப் போட வந்தவர் அவள் முகத்தில் ரோஸ் கலந்த கிரீமைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். "நான் கலர் கம்மி டீச்சர், ரெண்டு கோட் போட்டாதான் கேமராவுல தெரிவேனாம்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. "சித்திரை வெயில்ல விறகு பொறுக்கி, அடுப்பூதி, போலீசுக்குப் பயப்படாம சோறு கட்டின பொம்பளை எந்த நிறத்துல இருந்திருப்பா கண்ணு?" என்று கேட்டேன். யோசித்தாள். "என்னை மாதிரி" என்றாள். முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். நெற்றியில் வேர்வைக்குக் கொஞ்சம் தண்ணீர், கையில் அடுப்புக்கரி, அவ்வளவுதான் மேக்கப். வெளிச்சத்தை அவள் முகத்துக்கு ஏற்ப மாற்றி வைத்தான் கேமரா பிடித்த பையன். பொட்டலத்தைக் கிளையில் கட்டிவிட்டு அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தக் கிரீமும் கொடுத்திருக்காது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். ஆண்டுவிழா மேடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது பவுடர் டப்பாவை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். சரித்திரத்தை நடத்தியவர்கள் நம் நிறத்து மனிதர்கள்தான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

இன்னும் இரண்டு காட்சி பாக்கி. பாட்டி காலத்துக் கைத்தறிச் சேலை, பித்தளைச் சொம்பு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

எல்லோரும் நலமாக இருங்கள்.