சித்தப்பா வெட்டிய புல்லுருவி

திருக்கடையூர்னா உங்களுக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வரும். வருஷம் முழுக்க மாலையும் மேளமுமா வேன் வந்துகிட்டே இருக்கும். சாமி கும்பிட்டு, சாப்பிட்டுட்டு கிளம்பிடுவீங்க. ஒருநாள் எங்க கொல்லைப்பக்கம் வந்தா ஒரு மாமரத்தைக் காட்டுவேன். பாதி மரம்தான் இருக்கு. மீதிப் பாதி போனதுக்கு நான்தான் காரணம்.

அது அம்மா வச்ச பாதிரி மரம். எங்க சின்ன வயசுல ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் கூடை கூடையா காய்க்கும். அப்ப எங்க வீட்டுல சித்தப்பாவும் இருந்தார். கல்யாணம் பண்ணிக்கலை. நிலையா ஒரு வேலையும் இல்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தா, "உக்காந்து தின்னுற புல்லுருவிடா நீ"ன்னு திட்டுவார். சித்தப்பா ஒண்ணும் பேசமாட்டார். துண்டை உதறித் தோள்ல போட்டுகிட்டு கொல்லைக்குப் போயிடுவார். நாங்களும் அப்பா சொன்னதைத்தான் நம்பினோம்.

அந்த வார்த்தையை நீங்களும் சொல்லியிருப்பீங்க. செடியைப் பார்த்திருக்கீங்களா? மாமரத்துல ஒரு கிளையில மட்டும் இலை வேற மாதிரி, தடிப்பா, சாம்பல் பூத்த பச்சையில தெரியும். அதுதான் புல்லுருவி. மண்ணுல அதுக்கு வேர் கிடையாது. கிளைக்குள்ளயே உறிஞ்சு வேரை இறக்கி, மரம் மேல ஏத்துற தண்ணியையும் உப்புச் சத்தையும் எடுத்துக்கும். இலை பச்சையா இருக்கறதால சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கும். அரிசி அதோடது, உலைத்தண்ணி மட்டும் நம்மளோடதுன்னு வச்சுக்கங்க.

தண்ணிதானேன்னு நினைச்சா அங்கதான் ஏமாறுவோம். கோடையில மரம் இலையில இருக்கிற துளையை மூடிகிட்டுத் தண்ணியைச் சிக்கனம் பண்ணும். புல்லுருவி அவ்வளவா மூடாது. அது நிறைய ஆவியா விட்டாத்தான் மரத்துத் தண்ணி அது பக்கம் இழுபடும். புல்லுருவி உக்காந்த இடத்துல கிளை முண்டு கட்டி வீங்கும். அதுக்கு மேல இருக்கிற நுனி கொஞ்சம் கொஞ்சமா காயும்.

இதைப் பரப்புறது ஒரு குருவி. விரல் நீளம்தான் இருக்கும், இலைக்குள்ள இருந்தா கண்ணுக்கே தெரியாது. புல்லுருவிப் பழம்னா அதுக்கு உசுரு. கொட்டையைச் சுத்தி பசை மாதிரி ஒட்டும். குருவி எச்சம் போடும்போது அது லேசுல விழாது, உடம்பைக் கிளையில தேய்ச்சுத்தான் ஒட்டிவிடும். அங்கேயே முளைச்சுடும். பறவை அறிஞர் சாலிம் அலி 1931லேயே இந்தக் குருவிக்கும் புல்லுருவிக்கும் உள்ள உறவைப் பத்திக் கொங்கணப் பக்கம் ஆராய்ஞ்சு எழுதியிருக்கார்.

சித்தப்பா போயி ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மரத்துல முதல் கொத்தைப் பார்த்தேன். செக்கச்செவேல்னு பூ, தேன்சிட்டு வந்து வந்து போவுது. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன். ஒண்ணு நாலாச்சு. நாலு எத்தனையாச்சுன்னு எண்ணலை. ஒரு சித்திரையில பார்த்தா தெக்குப்பக்கம் முழுக்க மொட்டையா நிக்குது.

சும்மா இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாமலும் இல்லை. ஒருவாட்டி உளுந்து விதை வெளியிலேர்ந்து வாங்கினேன். எங்க பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடி, நிக்கிற பயிருக்குள்ளயே ஈரத்துல உளுந்தைத் தெளிச்சுடுவோம். அந்த விதையில அம்மையார் கூந்தல் விதை கலந்திருக்கு. மாசி மாசம் வயல்ல மஞ்சள் நூலைப் பிரிச்சுப் போட்ட மாதிரி படர்ந்துச்சு. இலை கிடையாது. முளைச்ச சில நாளைக்குள்ள ஒரு செடியைப் பிடிக்கலைன்னா செத்துடும். பிடிச்சுட்டா மண்ணுல இருக்கிற வேரையும் விட்டுடும், அப்புறம் தண்ணி, சாப்பாடு ரெண்டுமே உளுந்தோடதுதான். பக்கத்துச் செடியோட வாசனையை வச்சு அது எந்தப் பக்கம் வளரணும்னு முடிவு பண்ணும்னு 2006ல அமெரிக்காவுல தக்காளிச் செடியை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. நான் பூக்கறதுக்கு முன்னாடியே அரை மா உளுந்தை அதோட சேர்த்துப் பிடுங்கி எரிச்சேன். பூத்து விதை விழுந்திருந்தா பத்து வருஷத்துக்கு மேலயும் மண்ணுல உசுரோட கிடக்கும். வயலுக்கு அவ்வளவு பயந்தவன் கொல்லை மரத்தைக் கவனிக்கலை.

மரம் மொட்டையா நின்ன அந்த வருஷம் ஆடி மாசம், காய் ஓஞ்சதும் அரிவாளோட மேல ஏறினேன். ஐம்பது வயசுக்கு மேல மரம் ஏறுறது எப்படி இருக்கும்னு முட்டியைத்தான் கேக்கணும். மேல போய்ப் பார்த்தாத்தான் தெரிஞ்சுது. கிளைக்குக் கிளை பழைய வெட்டுத் தழும்பு. ஒவ்வொண்ணும் முண்டுக்கு அடிப்பக்கம், ஒரு சாண் தள்ளி, சாய்வா வெட்டினது. புல்லுருவியை மட்டும் ஒடிச்சா உள்ள இருக்கிற வேர் திரும்பத் துளிர்க்கும், முண்டோட சேர்த்துக் கிளையை எடுத்தாத்தான் ஒழியும். அது தெரிஞ்ச கை வெட்டினது. சில தழும்பு இருபது, முப்பது வருஷத்துப் பழசு இருக்கும், பட்டை மூடி உருண்டு கிடக்கு. எங்கப்பா மரம் ஏறினதே இல்லை. நானும் இல்லை.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆடியில சித்தப்பா ஒரு கட்டுத் தழையோட வந்து ஆட்டுக்குப் போடுவார். எங்கேர்ந்து கொண்டு வந்தீங்கன்னு ஒருநாளும் நாங்க கேக்கலை. "வேலைவெட்டி இல்லாத மனுஷன், ஆட்டுக்குத் தழை பறிக்கிறார்"னு நினைச்சுகிட்டோம்.

கொஞ்ச நேரம் கிளையிலேயே உக்காந்திருந்தேன். கீழேர்ந்து என் வீட்டுக்காரி, "என்னங்க, தலை சுத்துதா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொல்லிட்டு வெட்ட ஆரம்பிச்சேன். தெக்குப்பக்கத்துப் பெரிய கிளையை ஆள் வச்சு ரம்பத்தாலதான் அறுக்க வேண்டியதாப் போச்சு. வெட்டுவாய்ல போர்டோ பசை தடவினேன். இந்த வருஷம் வடக்குப்பக்கம் காய்ச்சுது. முன்ன மாதிரி கூடை கூடையா இல்லை. ஒரு கூடை.

ஒண்ணு சொன்னா நம்பமாட்டீங்க. கோயில்ல நீங்க நெத்தியில வச்சுக்கிற சந்தனம் இருக்கே, அந்த மரமும் மண்ணுக்கு அடியில பக்கத்துச் செடி வேர்ல ஒட்டிச் சத்து எடுக்கிறதுதான். நாத்து வளர்க்கும்போதே தொட்டியில பக்கத்துல துவரையோ பொன்னாங்கண்ணியோ வைப்பாங்க. துணை இல்லாட்டி சந்தனம் நோஞ்சானாப் போயிடும். அதை யாரும் புல்லுருவின்னு திட்டுறதில்லை.

உங்க வீட்டு மரத்தை ஒருவாட்டி அண்ணாந்து பாருங்க. இலை மாறித் தெரிஞ்சா, ஒண்ணா இருக்கும்போதே முண்டோட எடுத்துடுங்க. நான் இப்ப ஆடிக்கு ஆடி ஏறுறேன். வெட்டின தழையை ஆட்டுக்குத்தான் போடுறேன்.