மூணு வயரில் ஒன்று போனால்



போன வாரம் போட்ட ரெஜிபோம் விமானப் படத்துக்குக் கீழே பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "மோட்டர் வயர் அறுந்தா புதுசு வாங்கிப் போட வேண்டியதுதானே சேர்?" பதில் கொஞ்சம் நீளம். டீ ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காசு விஷயம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியதே, அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் பழைய விலைக்கு இறங்கவில்லை. பதுளை டவுனில் தண்ணீர்ப் பம்புக்கும் பேனுக்கும் சாமான் தேடலாம், இந்தச் சின்ன மோட்டருக்குத் தேட முடியாது. ஓடர் போட்டுக் காத்திருக்க வேண்டும். கண்காட்சிக்கு இருந்ததோ ஒன்பது நாள்.

மோட்டரை வாங்கிய பிள்ளை பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வருகிறவன். அம்மா கொழுந்து எடுக்கிறார். சீட்டு விழுந்த காசில் வாங்கிக் கொடுத்தது. 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வரவே 2021 ஆம் ஆண்டு வரை இழுத்தடித்த நாடு இது. அந்த வீட்டில் போய் இன்னொரு மோட்டர் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதோடு, சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகனைக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. விமானம் விழுந்த அன்று அப்பா கேட்ட ஒரே கேள்வி, "விளையாட்டு முடிஞ்சுதா?"

விழுந்தது தேயிலைச் செடிக்குள். மூக்கு உடைந்து மோட்டர் கழன்று, மூன்று வயரில் ஒன்று அடியோடு அறுந்திருந்தது. பிள்ளைகள் வீட்டிலேயே அதை முறுக்கி டேப் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காற்றாடியைக் கழற்றி வைத்துவிட்டு பெட்டரியைக் கொடுத்தால், சுற்றவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் துடித்து "டிர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

அப்போது வாசலில் ஒரு குரல்: "நிப்பாட்டுங்க சேர்! ஒரு பேஸ் போயிருக்கு."

மகன் வீட்டுக்கு வரச் சுணங்குகிறான் என்று தேடி வந்த அவனுடைய அப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ரிப்போட்டில் கையெழுத்து வைக்கத் தவிர பாடசாலைப் பக்கம் வராத மனிதர். மோட்டரை அவர் பார்க்கக்கூட இல்லை, சத்தத்தை வைத்தே சொன்னார். கொழுந்து வாட்டும் பேனிலும் ரோலரிலும் இருப்பது மூன்று பேஸ் மோட்டர்தான். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மோட்டர் உறுமும், மீதி இரண்டும் சுமையை இழுத்து இழுத்துச் சூடேறும், கவனிக்காவிட்டால் சுற்று முழுக்கக் கருகிவிடும். "ராவு ரெண்டு மணிக்கும் இந்தச் சத்தம் கேட்டா நான் எந்திருச்சிருவேன்" என்றார்.

இரண்டும் ஒரே குடும்பம். தொழிற்சாலைக்கு மூன்று பேஸும் லைனிலேயே வருகிறது. எங்கள் நாட்டு 50 ஹேர்ட்ஸ் கரண்டில் நாலு முனை மோட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டாது. விமானத்தில் பெட்டரியின் நேர்மின்னோட்டத்தை ஸ்பீட் கன்ட்ரோலர் வெட்டி வெட்டி மூன்று பேஸாக மாற்றிக் கொடுக்கிறது. எங்களிடம் இருந்தது 2212 வகை, அதாவது சுற்றின் இரும்பு 22 மில்லிமீற்றர் அகலம், 12 உயரம். வோல்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 1000 சுற்று. 11.1 வோல்ட் பெட்டரியில் சுமையில்லாமல் விட்டால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் வேலை அவர் கைக்குப் போய்விட்டது. தண்டின் அடியில் இருந்த சின்ன வளையக் கிளிப்பை எடுத்து, காந்தம் ஒட்டிய கூட்டை இழுத்துக் கழற்றினார். இந்த வகை மோட்டரில் வெளியே தெரியும் வயர் தனி வயர் அல்ல. உள்ளே சுற்றியிருக்கும் அதே செப்பு இழைகள்தான் ட்யூபுக்குள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு இழையிலும் எனாமல் பூச்சு. பார்த்தால் வெறும் செம்பு மாதிரிப் பளபளக்கும், ஆனால் ஈயம் ஒட்டாது, கரண்டும் பாயாது. பிள்ளைகள் முறுக்கிய முறுக்கு பிடிக்காமல் போனது அதனால்தான். (1831 இல் பரடே தன் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியபோது இந்த எனாமல் கிடையாது, நூலும் துணியும் வைத்துத்தான் சுற்றுகளைப் பிரித்தார். மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கும்போது சொல்ல மறக்காத கதை.)

அறுந்த முனையில் 8 இழை. ஒவ்வொன்றையும் பிளேடால் சுற்றிவரச் சுரண்டி, தனித்தனியாக ஈயம் பூசி, பிறகுதான் எட்டையும் சேர்த்து வளையக்கூடிய சிலிக்கன் வயரோடு பற்றவைத்தார். எனாமலைச் சூட்டிலே எரித்தும் எடுக்கலாம், ஆனால் அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. ஒரு இழையின் அடியில் மயிரளவு பூச்சு மீதி இருந்தது. மகன் "பரவாயில்லப்பா" என்றான். அப்பா அந்த இழையைத் திரும்பவும் சுரண்டினார்.

நியாயம் இருக்கிறது. மூன்று சுற்றும் முக்கோணமாக இணைந்திருந்தால் ஒவ்வொரு வயரிலும் இரண்டு சுற்றுகளின் முனைகள் கூடுகின்றன. அதில் ஒன்று முழுக்க விடுபட்டாலும் மல்டிமீட்டர் மூன்று பக்கமும் "பீப்" அடிக்கும், கரண்ட் மற்றச் சுற்றுகள் வழியாகச் சுற்றிப் போய்விடுமே! ஆகவே இழையை எண்ணாமல் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. மீட்டர் கட்டாயம் தேவைப்படுவது இன்னொன்றுக்கு: வயருக்கும் இரும்புக்கும் இடையில் "பீப்" வரவே கூடாது. வந்தால் உள்ளே எங்கோ தோல் உரிந்திருக்கிறது, பெட்டரியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக அவர் ஒரு வேலை செய்தார். இரண்டு வயரின் நுனியைத் தொடவைத்துக்கொண்டு தண்டை விரலால் சுற்றினார். கை இறுக்கத்தை உணர்கிறது. அடுத்த சோடி, அதற்கடுத்தது. மூன்றிலும் இறுக்கம் ஒரே மாதிரி இருந்தால் சரி, வித்தியாசப்பட்டால் இழையோ ஈயமோ எங்கோ பிடிக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சுற்றிப் பார்த்தார்கள். மகன் மட்டும் மோட்டரை விட்டுவிட்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பற்றவைத்த இடம் இழுபடாமல் வயரை நூலால் மோட்டர் பிடியோடு கட்டினோம். சுற்றியது. திசை மாறிச் சுற்றியபோது எந்த இரண்டு வயரை மாற்றினாலும் சரியாகும் என்று இப்போது மகன் அப்பாவுக்குச் சொன்னான். அப்பா சிரித்தார். "அது பேக்டரியிலயும் அப்படித்தான்டா."

கண்காட்சியன்று விமானம் நாலு நிமிஷம் பறந்தது. இறங்கியதும் எல்லோரும் கைதட்ட, அவர் போய் மோட்டரைத் தொட்டுச் சூடு பார்த்தார்.

கொழும்புக் கடைப் பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்ததே, அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது, பஸ் காசு எவ்வளவு ஆகும் என்று எங்களிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பதுளைப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. வியாழக்கிழமை பின்னேரங்களில் வந்து பிள்ளைகளுக்கு மோட்டர் சுற்றக் காட்டித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். எரிந்த பேன், தையல் மெஷின் மோட்டர், பழைய பம்ப் எது வீட்டில் கிடந்தாலும் இரும்புக் கடைக்குப் போடாமல் எங்களுக்கு அனுப்புங்கள். வயரை வெட்டாமல் அனுப்பினால் நல்லது.