கடைசித் தாள்



வீட்டில் பழைய தமிழ் பைபிள் இருப்பவர்கள் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 22:19. அங்கே 'ஜீவபுஸ்தகம்' என்று இருக்கும். கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'மரம்' என்று இருக்கும். மரம் எப்படிப் புத்தகம் ஆனது? காணாமல் போன ஒரே ஒரு தாளால்.

1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் பாசல் நகரில், ஃப்ரோபன் அச்சகத்தின் மூலம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். மற்றப் பகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் கிடைத்தன. வெளிப்படுத்தலுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ரொய்க்லின் என்ற அறிஞரிடம் இரவல் வாங்கியது. வசனமும் அதற்கான உரையும் கலந்து வரும் படி அது. மூலம் எது, உரை எது என்று பிரிப்பதே பெரும்பாடு. போதாததற்குக் கடைசித் தாளும் இல்லை. 16 முதல் 21 வரை ஆறு வசனங்களைக் காணோம்.

எராஸ்மஸ் லத்தீன் பைபிளைப் பார்த்து, அந்த வசனங்களைத் தாமே கிரேக்கத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்தார். லத்தீனிலிருந்து சேர்த்ததைத் தம் குறிப்புரையில் மறைக்காமல் சொல்லியும் விட்டார்.

ஆனால் லத்தீனில் அந்த இடத்தில் மரம் 'லிக்னோ', புத்தகம் 'லிப்ரோ'. லத்தீன் எழுத்தில் இரண்டெழுத்துதான் வித்தியாசம். படியெடுத்தவர்கள் கையில் எப்போதோ மரம் புத்தகமாகியிருந்தது. பழைய கிரேக்கப் படிகளில் மரம்தான். 1527 பதிப்பில் ஸ்பெயினில் அச்சான கிரேக்க நூலைப் பார்த்து வெளிப்படுத்தலில் பல இடங்களை எராஸ்மஸ் திருத்தினார். இந்தச் சொல் மட்டும் தப்பிவிட்டது. அங்கிருந்து 1611-இன் ஆங்கில பைபிளுக்குப் போனது. நம் பழைய தமிழ் பைபிளிலும் நிற்கிறது. அந்த வசனம் எதைப் பற்றியது தெரியுமா? இந்தப் புத்தகத்தின் சொற்களில் எதையும் நீக்கக் கூடாது என்ற எச்சரிக்கை!

இதை ஒரு பழைய மாணவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எங்கம்மா இந்த வசனத்தை மனப்பாடமா சொல்லுவாங்க. அப்போ அவங்க சொன்னது தப்பா?" என்று கேட்டார்.

இல்லை தம்பி. அம்மா தம் கையில் இருந்த புத்தகத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பிசகு அவர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் மாற்றவும் இல்லை. அந்த எச்சரிக்கையின் பொருளும் மாறிவிடவில்லை. குறிப்புரையை எத்தனை பேர் படிப்பார்கள்? அச்சில் வந்த சொல்தான் ஊர் ஊராகப் போகும். அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்துப் படி நெடுங்காலம் அறிஞர் கண்ணில் படாமல் கிடந்தது. 1861-இல் டெலிட்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் ஒரு பிரபுக் குடும்பத்தின் நூலகத்தில் அதைக் கண்டெடுத்தார். அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டதும் எராஸ்மஸ் செய்தது என்ன என்பது விளங்கியது. இன்று அது ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடைசித் தாள் இல்லாத படிதானே என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால், இந்தக் கதை இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டு பைபிளில் மரமா, புத்தகமா? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.